நம்மூர்க் காத்துக்கு 15 டிகிரி கிடையாது

போன வருஷம் மே மாசம் ஊருக்குப் போயிருந்தேன். வேடசந்தூரிலிருந்து எரியோடு போகிற வழியில் எங்கள் காடு. சித்தப்பா மகன் மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தால் ஆள் வைத்து அடிப்பதற்குள் பாதிக் காடு போய்விடுகிறது, ட்ரோன் இருந்தால் சொந்தக் காட்டுக்கும் ஆச்சு, வாடகைக்கும் ஆச்சு என்பது அவன் கணக்கு. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணே, நீதான் கம்ப்யூட்டருக்குள்ளயே விமானம் ஓட்டுறவனாச்சே. பத்து லிட்டர் தண்ணியோட இது எத்தன நிமிஷம் மேல நிக்கும்னு போட்டுச் சொல்லேன்.”

என் பிழைப்பு அதுதான். பறக்கும் சாதனங்களைத் தரையில் வைத்தே பறக்கவிட்டுப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருளோடுதான் என் காலையும் மாலையும். லேப்டாப்பைத் திறந்தேன். எடை, விசிறியின் விட்டம், பேட்டரி எல்லாம் போட்டு ஓட்டினேன். முழுத் தொட்டியோடு ஒரே இடத்தில் நின்றால் ஒன்பதரை நிமிஷம் என்று வந்தது. கெத்தாகச் சொன்னேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு டெமோ காட்ட ஆட்கள் வந்தார்கள். தொட்டியில் வெறும் தண்ணீர். உழுதுபோட்ட காட்டில் தூசியைக் கிளப்பிக்கொண்டு ட்ரோன் எழும்பியது, தலைக்கு மேல் நின்றது. நான் போனில் நேரம் பார்த்தேன். எட்டு நிமிஷம் இருபது வினாடியில் பேட்டரி எச்சரிக்கை கத்த, கீழே இறக்கிவிட்டார்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் துண்டு விழுந்திருக்கிறது.

“உன் கம்ப்யூட்டரு பொய் சொல்லுதுண்ணே.”

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது மாட்டியது. வளிமண்டலம் என்ற இடத்தில் நான் எதையுமே மாற்றவில்லை. மென்பொருள் தானாகப் போட்டுக்கொண்டதை அப்படியே விட்டிருக்கிறேன். கடல் மட்டம், 15 டிகிரி, காய்ந்த காற்று. மே மாசத்து வேடசந்தூருக்கு! புதுப் பையன்கள் யாராவது இப்படிச் செய்தால் ஆபீஸில் நானே கிண்டல் அடிப்பேன்.

இந்த 15 டிகிரி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விமானத்தின் இறக்கையும் ட்ரோனின் விசிறியும் காற்றை மிதித்துத்தான் மேலே போகின்றன. ராக்கெட்டின் மூக்கு அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்று எவ்வளவு கனம் என்று தெரியாமல் எந்தக் கணக்கும் நகராது. ஆனால் காற்று இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். பாரிஸில் சோதித்த விமானத்தையும் லண்டனில் சோதித்ததையும் எப்படி ஒப்பிடுவது? அதனால் 1920-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கற்பனைக் காற்றை உட்கார்ந்து எழுதிவைத்தார்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி, அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், மேலே போகப் போக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குறையும். 11 கிலோமீட்டரில் மைனஸ் 56.5 டிகிரி. அங்கிருந்து 20 கிலோமீட்டர் வரை குளிர் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 1952-ல் இதை உலகத்துக்கே பொதுவாக்கியது. பிறகு 1976-ல் அமெரிக்கர்கள் இதையே ஆயிரம் கிலோமீட்டர் உயரம் வரை நீட்டி ஒரு புத்தகம் போட்டார்கள். இன்று உலகத்தில் ஓடும் சிமுலேஷன் மென்பொருள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் அந்த 1976 அட்டவணை உட்கார்ந்திருக்கும்.

மென்பொருளுக்குள் அது ஒரு சின்ன நிரல்தான். உயரத்தைக் கொடுத்தால் வெப்பம், அழுத்தம், அடர்த்தி, ஒலியின் வேகம் நான்கையும் திருப்பிக் கொடுக்கும். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க எல்லோரும் முதலில் போட்டுப் பார்ப்பது இரண்டு உயரங்கள். பூஜ்யம் கொடுத்தால் கன மீட்டருக்கு 1.225 கிலோ வர வேண்டும். 11,000 கொடுத்தால் அழுத்தம் 22,632 பாஸ்கல் வர வேண்டும். வீட்டுக்காரி போன் நம்பர் மறந்தாலும் இந்த 22,632 எனக்கு மறக்காது.

ஒரு சின்னப் பொறியும் உண்டு. அந்த அட்டவணையில் இருக்கும் உயரம் நாம் டேப் பிடித்து அளக்கும் உயரம் அல்ல. மேலே போகப் போகப் புவியீர்ப்பு குறைவதைச் சேர்த்துச் சரிக்கட்டிய உயரம். 20 கிலோமீட்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் அறுபது மீட்டர் சொச்சம். 80 கிலோமீட்டருக்குப் போனால் ஒரு கிலோமீட்டரே வந்துவிடும். இதில் விழாத புதுப்பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி நம்மூருக்கு வருவோம். வேடசந்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 220 மீட்டர். புத்தகக் காற்றின்படி அந்த உயரத்தில் 13.6 டிகிரி இருக்க வேண்டும். மார்கழி விடியற்காலையில்கூட எங்கள் ஊரில் அப்படிக் குளிர் கிடையாது. டெமோ நடந்த மதியம் நிழலில் 38 டிகிரி. போனில் இருக்கும் அழுத்தமானி 982 ஹெக்டோபாஸ்கல் காட்டியது. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் காற்றின் அடர்த்தி 1.10 வாக்கில்தான் வருகிறது. நான் விட்டுவைத்திருந்த 1.225-ஐவிடப் பத்து சதவீதம் குறைவு. ஈரப்பதத்தையும் சேர்த்தால் இன்னும் ஒரு சதவீதம் போகும். ஈரக் காற்று கனமானது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நீராவி காற்றைவிட லேசு, அது சேரச் சேரக் காற்று மெலியும்.

அப்படி மெலிந்த காற்று புத்தகக் காற்றில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடினால் 1,100 மீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. அதாவது மே மாச மதியம் எங்கள் காட்டில் நிற்கும் ட்ரோன், தான் கொடைக்கானல் மலையில் பாதி ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. விமானிகள் இதை அடர்த்தி உயரம் என்பார்கள். லே விமான நிலையம் 3,200 மீட்டருக்கும் மேலே இருப்பது. 2024 ஜூலைக் கடைசியில் அங்கே வெயில் ஏறியதால் விமானங்களை ரத்து செய்ததும் இதே காரணத்தால்தான்.

சரி, எங்கள் துண்டு விழுந்த எழுபது வினாடிக்கு இது பதில் சொல்கிறதா? பாதிக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரே இடத்தில் நிற்பதற்கு வேண்டிய சக்தி அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக ஏறும். அடர்த்தி பத்து சதவீதம் குறைந்தால் சக்தி ஐந்தரை சதவீதம் கூடுதலாக வேண்டும். ஒன்பதரை நிமிஷத்தில் அது அரை நிமிஷம். மிச்ச நாற்பது வினாடியை வெயிலில் கிடந்த பேட்டரியும், குடகனாற்றுப் பக்கமிருந்து விட்டுவிட்டு வீசிய காற்றும், டெமோவுக்கென்றே பல ஊர் சுற்றிக் களைத்த மெஷினும் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். கண்டுபிடித்த குஷியில் எல்லாப் பழியையும் வளிமண்டலத்தின் தலையில் போட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. அவர் ஒரு காலத்தில் புகையிலை போட்டவர். எங்கள் ஊரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, 1948-லிருந்து. காய்ந்த புகையிலையை மதியம் தொட்டால் நொறுங்கிப் பொடியாகிவிடும். விடியற்காலைப் பனியில் அது மெத்தென்று பதத்துக்கு வந்த பிறகுதான் கை வைப்பார்கள். “காலக் காத்து வேற, மத்தியானக் காத்து வேற. இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு?” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த நாளே நான் செய்த இரண்டாவது தப்புதான் சுவாரசியமானது. மென்பொருளில் கடல் மட்ட வெப்பத்தை மாற்ற வழி உண்டு. ஜே.எஸ்.பி.சிம் என்று ஒரு இலவச மென்பொருள். ஃப்ளைட்கியர் விளையாட்டுக்குள் விமானத்தின் அசைவுகளைக் கணக்குப் போடுவது அதுதான். அதில் இரண்டு வசதிகள். ஒன்று, எல்லா உயரத்துக்கும் ஒரே அளவு வெப்பத்தைக் கூட்டிவிடுவது. இன்னொன்று, தரையில் கூட்டி, மேலே போகப் போகக் கரைத்துவிடுவது. விமானத் தொழிலில் இருப்பவர்கள் முதல் வகையைத்தான் வாயில் வைத்திருப்பார்கள். ‘ஐ.எஸ்.ஏ. ப்ளஸ் 15’, ‘ப்ளஸ் 20’ என்று சொல்வது அதுதான். ஐ.எஸ்.ஏ. என்பது நம் புத்தகக் காற்றின் பெயர். அப்படிப் பார்த்தால் எங்கள் காடு ப்ளஸ் 24. நானும் 24 போட்டேன். ட்ரோனுக்கு அது போதும், முப்பது மீட்டருக்கு மேல் அது போகப் போவதில்லை.

ஆனால் அதே கோப்பை மறதியாக ஒரு ராக்கெட் கணக்குக்கும் கொடுத்துவிட்டேன். 17 கிலோமீட்டரில் மைனஸ் 32 டிகிரி என்று வந்து நின்றது. நம் தலைக்கு மேல் 17 கிலோமீட்டரில் உண்மையில் இருப்பது ஏறக்குறைய மைனஸ் 80. ஐம்பது டிகிரி பிசகு!

காரணம் இதுதான். நம் பக்கத்துக் காற்று ஐரோப்பியக் காற்றைச் சூடு பண்ணி எடுத்தது அல்ல. அதன் உருவமே வேறு. புத்தகக் காற்று 11 கிலோமீட்டரில் குளிர்வதை நிறுத்திக்கொள்கிறது. நம் காற்று அங்கே நிற்காமல் 16, 17 கிலோமீட்டர் வரை குளிர்ந்துகொண்டே போகிறது. கீழே வெயிலும் ஈரமும் சேர்ந்து எழுப்பும் மேகங்கள் அந்த உயரம் வரை காற்றைக் கிளறிவிடுகின்றன. 11 கிலோமீட்டரில் நம் காற்று புத்தகத்தைவிடச் சுமார் 20 டிகிரி சூடு. 17 கிலோமீட்டரில் அதே 20 டிகிரி சொச்சம் குளிர். உலகத்திலேயே கொதிக்கும் தரைகளில் ஒன்றுக்கு மேலேதான் உலகத்திலேயே குளிர்ந்த காற்றுகளில் ஒன்று மிதக்கிறது.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பாலக்காடு கல்பாத்தியில் 1893-ல் பிறந்த கே.ஆர். ராமநாதன். இந்திய வானிலைத் துறையில் இருந்தபோது, பலூன்கள் கொண்டுவந்த அளவுகளை வைத்து 1929-ல் நேச்சர் இதழில் ஒரு படம் போட்டார். துருவத்தைவிட நிலநடுக்கோட்டுக்கு மேலே, காற்று குளிர்வதை நிறுத்திக்கொள்ளும் அந்த எல்லை உயரமாகவும் அதிகக் குளிராகவும் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டிய படம் அது. அவர்தான் பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். படம் வந்து இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து உலகப் பொதுவாக்கிய காற்றில் அந்தப் படத்தின் சாயல்கூட இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத ஒன்று.

அடர்த்தியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. தரையில் நம் காற்று புத்தகத்தைவிட மெலிசு. மேலே போகப் போக இடைவெளி குறைந்து, 8, 9 கிலோமீட்டர் வாக்கில் இரண்டும் சமமாகி, பிறகு தலைகீழாகிறது. 16 கிலோமீட்டரில் நம் காற்று புத்தகத்தைவிடப் பதினைந்து சதவீதத்துக்கும் மேல் கனம். ராக்கெட்டுக்காரர்களுக்கு இது சில்லறை விஷயம் அல்ல. காற்று ராக்கெட்டை மிக அதிகமாக அழுத்திப் பிடிக்கும் கட்டம் பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டார உயரத்தில்தான் வருகிறது. புத்தகக் காற்றை நம்பி உடம்பு கட்டினால், நிஜக் காற்று எதிர்பார்த்ததைவிடப் பலமாக மோதும்.

அதனால்தான் நம் ஆட்கள் தனியாக எழுதிவைத்தார்கள். தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் போன பிறகு, எழுபதுகளில் சோவியத்தின் எம்-100 ராக்கெட்டுகளை வாரம் தவறாமல் அனுப்பி மேல்காற்றை அளந்தார்கள். அந்த அளவுகள் சேரச் சேர, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் இந்தியப் பகுதியின் நிலநடுக்கோட்டுக் காற்றுக்கு 80 கிலோமீட்டர் வரை ஒரு மாதிரி வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர். அனந்தசயனமும் ரொத்தம் நரசிம்மாவும் இந்தியாவுக்கான திட்டக் காற்று ஒன்றைக் கட்டினார்கள். அதையே விரித்து, வெப்ப மண்டலம் முழுவதற்கும் பொருந்தும்படி ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒரு மாதிரியை 1987-ல் முன்வைத்தார்கள். நேர்க்கோட்டுத் துண்டுகளாக, எந்த மென்பொருளிலும் பத்து வரியில் ஏற்றிவிடக்கூடிய வடிவம். ஆனால் நான் தொட்ட மென்பொருள் எதிலும் அது தானாக வந்து நிற்பதில்லை. தேடிப்போய்த்தான் எடுத்துவர வேண்டும். பாஸ்மதிக்கு எழுதிய சமையல் குறிப்பில் சீரகச்சம்பாவைப் போட்டுவிட்டு, தண்ணீர் சரியில்லை என்று திட்டுகிற கதைதான் நம்முடையது.

இதையெல்லாம் படித்துவிட்டு, புத்தகக் காற்றைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நானே அப்படிக் கிளம்பித்தான் கொடைக்கானல் பஸ்ஸில் ஒரு பாடம் படித்தேன்.

அதே லீவில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போனோம். போன் அழுத்தமானியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஊரில் 982 காட்டியது, மேலே போய் இறங்கியபோது 793. செயலி நாங்கள் 1,750 மீட்டர் ஏறியிருப்பதாகச் சொன்னது. வரைபடப்படி ஏறியது 1,880-க்குப் பக்கம். நூற்று முப்பது மீட்டரைச் செயலி முழுங்கிவிட்டது. போன் கெட்டுப்போகவில்லை. செயலிக்குள்ளும் அந்த ஐரோப்பியக் காற்றுதான். சூடான காற்றுத் தூண், மாவு பொங்குவதுபோலப் பொங்கி உயர்ந்து நிற்கும். அதே அளவு அழுத்தம் குறைய நாம் கூடுதல் உயரம் ஏற வேண்டும். எங்கள் மாவட்டத்துத் தூண் ஏழு சதவீதம் பொங்கியிருந்தது.

அப்படியானால் நம் தலைக்கு மேல் மதுரைக்கும் சென்னைக்கும் போகிற விமானங்கள்? அவற்றின் உயரமானியும் இதே தப்பைத்தான் செய்கிறது. 35,000 அடி என்று காட்டும் விமானம் நம் பக்கத்துச் சூட்டில் உண்மையில் ஐந்நூறு மீட்டர் போல மேலே பறந்துகொண்டிருக்கும். ஆபத்து இல்லையா? இல்லை. எதிரே 36,000 அடியில் வருகிறவரும் அதே தப்பைச் செய்கிறார். எல்லா விமானமும் ஒரே பொய்யைச் சொல்வதால் இடைவெளி அப்படியே இருக்கிறது. ஒருவர் மட்டும் அரிச்சந்திரனாகி உண்மையான உயரத்தில் பறக்க ஆரம்பித்தால்தான் வம்பு. ஆகவே விமானத்துக்குள் இருக்கும் உயரமானியை நான் சிமுலேஷன் செய்தால் அங்கே வேடசந்தூர்க் காற்றைப் போடக்கூடாது, புத்தகக் காற்றேதான் போட வேண்டும். இறக்கைக்குக் கீழே நிஜக் காற்று, உயரமானிக்குள் புத்தகக் காற்று. ஒரே மென்பொருளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

இப்போது நான் செய்வது இதுதான். இரண்டு விமானங்களை ஒப்பிட வேண்டுமா, புத்தகக் காற்று. நம் பக்கத்தில் ஒன்று பறக்குமா, எவ்வளவு நேரம் பறக்கும் என்று பார்க்க வேண்டுமா, பலூன் அளவுகள். சென்னை மீனம்பாக்கம், காரைக்கால், திருவனந்தபுரம் மூன்றிலிருந்தும் காலை ஐந்தரை, மாலை ஐந்தரைக் கணக்குக்கு வானிலைத் துறை பலூன் விடுகிறது. அந்த அளவுகளை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகம் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. சென்னையின் எண் 43279. பத்து வருஷத்து மே மாசங்களை இறக்கி, சராசரியோடு கூடவே மோசமான நாட்களையும் தனியாக எடுத்து ஒரு அட்டவணை போட்டுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை வேலைதான். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியாயிற்று. நாளைக்கு அங்கிருந்து சின்ன ராக்கெட்டுகள் தெற்கே கிளம்பும்போது அவை கிழித்துக்கொண்டு போகப்போவது இந்தக் காற்றைத்தான். ராக்கெட் கட்டிப் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எந்தக் காற்றில் ஓட்டினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாத ரிப்போர்ட்டை நான் இப்போதெல்லாம் இரண்டாம் பக்கம் திருப்புவதில்லை.

தம்பி ட்ரோன் வாங்கிவிட்டான். வாங்குவதற்கு முன் இன்னொரு கம்பெனிக்காரர்கள் காலை ஆறரைக்கு டெமோ வைத்தார்கள், அருமையாக நின்றதாம். “மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க, பேசுவோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். நீங்கள் வாங்குவதாக இருந்தாலும் அதையே சொல்லுங்கள்.